கண்ணாடிப் பெட்டியும் மரப்பெரணியும்

மரப்பெரணிக்கு வேரில் தண்ணீர் விட்டால் போதாது, தண்டு நனைய வேண்டும். குன்னூரில் எங்கள் நர்சரிக்கு வந்து கன்று வாங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். தென்னை, பாக்கு என்று வளர்த்துப் பழகியவர்கள் இதைக் கேட்டால் சந்தேகமாகப் பார்ப்பார்கள். அவர்களுக்காகவே, மழையில் சாய்ந்து செத்துப்போன ஒரு பெரணியின் தண்டை அறுத்து, ஒரு துண்டைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். வெளியே பார்த்த பருமனுக்கு, உள்ளே இருக்கும் உண்மையான தண்டு மெலிந்தது. மீதி எல்லாம் அதைச் சுற்றிப் பின்னிக் கிடக்கும் கறுத்த நார்வேர்கள். அவை மண்ணிலிருந்து மேலே ஏறியவை அல்ல. மேலே இருந்து கிளம்பித் தண்டின் மீதே இறங்கி வந்தவை. அதனால்தான் அடித்தண்டு பருத்தும் மேல்தண்டு சிறுத்தும் இருக்கிறது. பட்டை கிடையாது, வைரம் பாய்வது கிடையாது. இந்த வேர்ப் போர்வையின் பலத்தில்தான் பெரணி ஆள் உயரத்துக்கு மேல் நிமிர்ந்து நிற்கிறது. மாசி, பங்குனியில் போர்வை காய்ந்துவிட்டால் மட்டைகள் நுனியிலிருந்து பழுப்பேறித் தொங்கிவிடும்.

பெரணிக்கு மண்ணைவிட ஈரக்காற்று முக்கியம். இந்தச் சின்ன உண்மையைத் தோட்டக்கலை கற்றுக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று. கற்றுக்கொண்ட பாடத்தை வைத்து மனிதர்கள் செய்த காரியம் எங்கள் மலையின் முகத்தையே மாற்றிவிட்டது.

முதலில் இருந்த சிக்கல் விதை. பெரணி பூப்பதில்லை, காய்ப்பதில்லை. மட்டையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பழுப்புப் பொட்டுகள் வரிசையாக இருக்கும். அந்தப் பொட்டிலிருந்து உதிரும் தூளை ஊன்றிப் பயிராக்க முடியுமா என்பது 18-ஆம் நூற்றாண்டின் கடைசி வரைக்கும் தோட்டக்காரர்களுக்குத் திட்டமாகத் தெரியாது. ஜமைக்காவில் மருத்துவராக இருந்த ஜான் லிண்ட்சே அந்தத் தூளைத் தொட்டி மண்ணில் தூவி, நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து, பெரணி முளைக்கும் விதத்தை எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் அதை 1794-இல் அச்சிட்டது. அதன் பிறகுதான் ஐரோப்பியத் தோட்டங்கள் வெப்பநாட்டுப் பெரணிகளைத் தூளிலிருந்து வளர்க்கத் துணிந்தன. முளைப்பதற்கும் செடியாவதற்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹோஃப்மைஸ்டர் 1851-இல் தெளிவாக்கினார். ஸ்போர் எனப்படும் அந்தத் தூளிலிருந்து நேராகப் பெரணி வருவதில்லை. முதலில் இதய வடிவில், நகத்தளவுகூட இல்லாத ஒரு பச்சைத் தகடு மண்ணோடு ஒட்டிப் படரும். அதில்தான் ஆண் அணுவும் பெண் அணுவும் உண்டாகின்றன. ஆண் அணு நீந்திப் போய்ச் சேருவதற்குத் தண்ணீர்ப் படலம் வேண்டும். அந்தப் படலம் இல்லையென்றால் அடுத்த தலைமுறை இல்லை. பெரணி ஓடைக்கரையை விட்டு நகராததற்கு இது பெரிய காரணம்.

இரண்டாவது சிக்கல் காற்று. இங்கேதான் நத்தானியேல் வார்டு வருகிறார். அவர் லண்டனின் கிழக்குப் பகுதியில், துறைமுகத்தை ஒட்டிய வெல்க்ளோஸ் சதுக்கத்தில் மருத்துவம் பார்த்தவர். பெரணி மேல் அவருக்குத் தீராத ஆசை. வீட்டுக்குப் பின்னால் கல் அடுக்கி, தண்ணீர் சொட்டவிட்டுப் பெரணி வைத்தார். சுற்றியிருந்த ஆலைகளின் நிலக்கரிப் புகையில் எல்லாம் மடிந்தன. 1829-இல், ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு பூச்சியாவதைப் பார்ப்பதற்காக, அகன்ற வாய்ப் புட்டியில் ஈரமண் போட்டு அதைப் புதைத்து மூடிவைத்தார். பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்தது, திரும்ப மண்ணுக்கே வடிந்தது. சில நாளில் அந்த மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் தாமாக முளைத்தன. வெளியே என்ன பாடுபட்டும் வராத செடி, மூடிய புட்டிக்குள் யாரும் தண்ணீர் ஊற்றாமலே ஏறத்தாழ நான்கு வருஷம் இருந்தது. மூடி துருப்பிடித்து மழைநீர் உள்ளே இறங்கிய பிறகுதான் அழுகியது.

வார்டு அதைப் புட்டியோடு விடவில்லை. கெட்டியான மரச் சட்டத்தில் கண்ணாடி பதித்துப் பெட்டி செய்யச் சொன்னார். 1833-இல் இரண்டு பெட்டிகளில் பெரணியும் புல்லும் வைத்து அடைத்து, சார்லஸ் மல்லார்டு என்ற கப்பல் தலைவர் பொறுப்பில் சிட்னிக்கு அனுப்பினார். செடிகள் பசுமையாகப் போய்ச் சேர்ந்தன. திரும்பி வரும்போது ஆஸ்திரேலியச் செடிகளை நிரப்பி அனுப்பினார்கள். ஹார்ன் முனையின் உறைபனியையும் பூமத்தியரேகையின் வெயிலையும் மேல்தளத்திலேயே தாங்கிக்கொண்டு, மாதக்கணக்கில் பயணம் செய்து, அவை 1834-இல் லண்டனில் உயிரோடு இறங்கின. அவற்றில் அதுவரை இங்கிலாந்துக்கு உயிரோடு வந்திராத ஒரு பெரணியும் இருந்தது. இதற்கு முன் கப்பலில் வந்த செடிகளை உப்புத் தூறலும் நன்னீர்ப் பஞ்சமும் கொன்றன. ஹாக்னியில் பெரிய நர்சரி நடத்திய லாட்டிஜஸ், முன்பு இருபதில் பத்தொன்பது செத்துவந்தன, இப்போது இருபதில் பத்தொன்பது பிழைத்துவருகின்றன என்ற பொருளில் சொன்னதாக வார்டு பதிவு செய்கிறார். நர்சரி நடத்துகிறவனுக்குத்தான் அந்தக் கணக்கின் கனம் தெரியும்.

இதன்பின் இங்கிலாந்தில் பெரணிப் பித்து பிடித்தது. சார்லஸ் கிங்ஸ்லி என்ற எழுத்தாளர் 1855-இல் அந்தப் பித்துக்கு ஒரு பெயரே வைத்தார். மக்கள் காடுமேடெல்லாம் அலைந்து பெரணி பறித்தார்கள். கில்லார்னி பெரணி என்ற மெல்லிய இலைப் பெரணியைப் பறித்துப் பறித்து அருகிப்போகச் செய்தார்கள். பணக்காரர்கள் ஆசைப்பட்டது மரப்பெரணிக்கு. டாஸ்மேனியாவிலும் விக்டோரியாவிலும் யூகலிப்டஸ் காட்டின் நிழலில் வளரும் டிக்சோனியா அண்டார்க்டிகாவுக்கு ஒரு வினோதமான குணம் உண்டு. தண்டை இடுப்பளவில் அறுத்து, மட்டைகளைக் கழித்து, வெறும் கட்டையாக அனுப்பினாலும், மறுபடி நனைத்து நட்டால் வேர்விட்டுத் துளிர்க்கும். அது தன் வேரைத் தண்டிலேயே சுமந்துகொண்டு வருகிறதே! எனவே கட்டைகள் கப்பல் ஏறின. மெல்போர்ன் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஃபெர்டினாண்ட் ஃபான் முல்லரே ஐரோப்பாவுக்கு அனுப்பிவைத்தவர்களில் ஒருவர். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கடல் வெதுவெதுப்பு படும் கார்ன்வால் பள்ளத்தாக்குகளில் அவை திறந்தவெளியிலேயே தழைத்தன. குளிர் அதிகமான இடங்களில் குருத்துக்குள் வைக்கோல் திணித்து, தண்டைச் சாக்கால் சுற்றிக் காப்பாற்றினார்கள். கிளாஸ்கோவில் கிபிள் பேலஸ் என்ற கண்ணாடி மாளிகையில் 19-ஆம் நூற்றாண்டில் வைத்த மரப்பெரணிகள் சில இன்னும் நிற்கின்றன. வருஷத்துக்கு ஒன்றிரண்டு அங்குலம் வளரும் செடி அது. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் ஒவ்வொன்றும் எத்தனை பேர் கைமாறிய பராமரிப்பு என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி எங்கள் மலைக்கு வருகிறேன். நீலகிரியில் மரப்பெரணியை யாரும் கொண்டுவந்து நட வேண்டியிருக்கவில்லை. புல்வெளி மடிப்புகளுக்குள், ஓடை இறங்கும் இடங்களில், சோலைக்காட்டின் ஓரத்தில் அது தானாக நின்றது. குன்னூர் சிம்ஸ் பூங்காவை 1874-இல் உருவாக்கியவர்கள் ஒரு பள்ளத்தாக்கையே எடுத்துக்கொண்டார்கள். அங்கே மரப்பெரணிகளை இன்றும் பார்க்கலாம். சென்னை மாகாணக் காடுகளுக்குப் பொறுப்பாக இருந்த ரிச்சர்ட் பெடோம் 1860-களில் தென்னிந்தியப் பெரணிகளைப் படத்தோடு தொகுத்துப் புத்தகமாக்கினார். இங்குள்ள மரப்பெரணிக்கு எங்கள் மலையின் பெயரைத் தாங்கிய சயாதியா நீலகிரென்சிஸ் என்ற பெயர் அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து, 1960-களில், ஹோல்ட்டம் என்ற பெரணி நிபுணர் கொடுத்தது. பழனி மலையிலும் இலங்கை மலைநாட்டிலும் இருக்கும் சயாதியா கிரினிட்டா இன்னும் அரிது.

ஊட்டி தாவரவியல் பூங்காவை அமைக்க கியூ தோட்டத்திலிருந்து வில்லியம் மக்கைவர் 1848-இல் வந்தார். அவர் வந்த பிறகு பிரிட்டிஷ் அரசுக்குச் சிங்கோனா வேண்டியிருந்தது. மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவைத் தரும் அந்த மரம் தென் அமெரிக்காவுக்கே உரியது. கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் ஆட்களை அனுப்பி ஆண்டிஸ் மலையிலிருந்து கன்றுகளை எடுத்துவரச் செய்தார்கள். மார்க்கம் தானே கொண்டுவந்த கன்றுகள் வழியில் வெயில் தாங்காமல் கெட்டுப்போயின. ஈக்வடாரில் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் சேகரித்த கன்றுகளை ராபர்ட் கிராஸ் 1861-இல் ஊட்டி சேர்த்தார். அவை வந்தது வார்டின் கண்ணாடிப் பெட்டியில்.

பெரணிக்காகப் பிறந்த பெட்டி அது. அதில் வந்த சிங்கோனாவுக்கு மக்கைவர் தேர்ந்தெடுத்த இடம், தொட்டபெட்டா சரிவில் பூங்காவுக்கு மேலே இருந்த சோலை. பல நூற்றாண்டு இலைமக்கு சேர்ந்த கறுப்பு மண், காற்றுக்கு மறைப்பு, வற்றாத ஈரம் எல்லாம் அங்கே இருந்தன. மரப்பெரணிக்கு என்ன வேண்டுமோ அதுவே சிங்கோனாவுக்கும் வேண்டியிருந்தது. பிறகு நடுவட்டத்தில் பெரிய அளவில் காடு திருத்தினார்கள். சீனக் கைதிகளைக்கூட அந்த வேலைக்குக் கொண்டுவந்தார்கள். மக்கைவர் கெட்டிக்காரர். மரத்தை வெட்டாமல் பட்டையை மட்டும் பட்டை பட்டையாக உரித்து, உரித்த இடத்தை ஈரப்பாசியால் மூடினால் புதுப் பட்டை வரும் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். தண்டை ஈரமாக வைத்தால் உயிர் நிற்கும் என்ற பெரணிப் பாடம் அங்கேயும் பலித்தது. கொய்னா எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தச் சரிவுகளில் போன ஓடைக்கரைப் பெரணிகளுக்கு எந்தப் பேரேட்டிலும் வரவு வைக்கப்படவில்லை. ஜாவா தோட்டங்களின் பட்டை சந்தையை நிரப்பிய பிறகு சிங்கோனா விலை விழுந்தது. திருத்திய நிலத்தைத் தேயிலை எடுத்துக்கொண்டது. சோலை திரும்பவில்லை.

அதற்கு முன்பே, 1840-களில், ஊட்டியின் அடுப்புகளுக்கு விறகு வேண்டும் என்று யூகலிப்டஸும் சீகை மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இறங்கியிருந்தன. அங்கே டிக்சோனியாவுக்கு நிழல் தரும் இனம்தான் இங்கே புல்வெளிக்குள் புகுந்து ஓடையைக் குடித்தது. கிளென்மார்கனில் பல வருஷம் ஓடை நீரை அளந்த மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள், யூகலிப்டஸ் நட்ட நீர்ப்பிடிப்பில் வரத்து குறைவதை எண்ணிக்கையோடு காட்டினார்கள்.

இப்போது வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். சென்ற கோடையில் ஒரு விடுதியின் மேலாளர் வந்தார், இளைஞர்.

“அண்ணே, இந்தக் கன்னெல்லாம் வளர்ற வரைக்கும் காத்திருக்க முடியாதுண்ணே. மேல ஓடைப்பக்கம் பத்தடி உசரத்துல நிக்குதே, அதுல ரெண்டு எடுத்துக் குடுங்க.”

“அது வனத்துறை இடம், தம்பி. அங்க கை வச்சா கேஸ்தான். அப்படியே வெட்டிட்டு வந்தாலும் நிக்காது. ஆஸ்திரேலியாக் கட்டை துளிர்க்குதுன்னு நெட்ல பாத்திருப்பீங்க. அது வேற ஜாதி, நம்மளுது வேற.”

உண்மை அதுதான். டிக்சோனியா செய்வதை எங்கள் சயாதியா செய்யாது. தலையை அறுத்து நட்டால் இருக்கிற மட்டைகள் வாடும்வரை உயிர் இருப்பதுபோல் தோன்றும், அவ்வளவுதான். ஒரே ஒரு குருத்துமுனை, அது செத்தால் மொத்தமும் செத்தது. ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் தண்டைப் பலகையாக அறுத்துச் செடி கட்டுகிறார்களே, அந்தப் பலகை ஒவ்வொன்றும் பல பத்தாண்டு வளர்ச்சி. சர்வதேச வணிகத்தில் சயாதியா இனங்களை சைட்டிஸ் உடன்படிக்கை 1970-களிலேயே கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டது. டாஸ்மேனியாவில்கூட அரசு வில்லை மாட்டாத கட்டையை விற்க முடியாது.

அந்தத் தம்பிக்கு முட்டி உயரக் கன்று மூன்று கொடுத்தனுப்பினேன். எல்லாம் லிண்ட்சே வழியில் வந்தவை. முற்றிய மட்டையைச் செய்தித்தாளில் கவிழ்த்து வைத்தால் மறுநாளோ அடுத்த நாளோ பழுப்புத் தூள் கோடு கோடாகப் படிந்திருக்கும். கொதிநீர் ஊற்றி ஆறவைத்த இலைமக்கின் மேல் அதைத் தூவி, மேலே கண்ணாடி போட்டுவிடுவேன். கொதிநீர் ஊற்றாவிட்டால் பாசியும் பூஞ்சையும் முந்திக்கொள்ளும். பச்சைத் தகடு பரவியதும் பூத்தூறலாய்த் தண்ணீர் தெளிக்க வேண்டும், ஆண் அணு நீந்த வேண்டுமல்லவா. முதல் குட்டி மட்டை சுருளவிழ்ந்த பிறகு கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே நாளில் திறந்தால் மதியத்துக்குள் கருகிவிடும். வெளியே நடுவதற்குக் குன்னூர்ப் பக்கம் ஐப்பசி நல்லது, பெருமழை அப்போதுதான். ஊட்டியில் என்றால் ஆனியிலேயே நட்டுவிட வேண்டும், மார்கழி உறைபனிக்குள் வேர் பிடித்திருக்கும். காய்ந்து தொங்கும் பழைய மட்டைகளை அழகுக்காக வெட்டுகிறார்கள். வெட்டாமல் விட்டால் அதுவே தண்டுக்குப் பாவாடையாக நின்று பனியையும் காற்றையும் தடுக்கும்.

சில எஸ்டேட்காரர்கள் இப்போது ஓடையின் இரு கரையிலும் தேயிலையை எடுத்துவிட்டுச் சோலை மரங்களை வைக்கிறார்கள். அவர்களும் பெரணிக் கன்று கேட்டு வருகிறார்கள். அங்கே சீகை அடர்ந்து நின்றால் ஒரேயடியாக வெட்டித் தள்ள வேண்டாம் என்று சொல்கிறேன். வெயிலில் நட்ட கன்று ஒரு கோடை தாங்காது. சீகையின் நிழலிலேயே பெரணியையும் நாவல், விக்கி போன்ற சோலைக் கன்றுகளையும் நட்டு, அவை தலைதூக்கும் அளவுக்கு ஏற்றபடி ஆண்டுக்குச் சில மரமாக மேலே இருக்கும் சீகையைக் கழித்து வந்தால் போதும்.