பீ.எச். மானியும் பராமரிப்பு உழைப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

அறிவியற் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கருவியைக் கழுவி, ஈரங்காத்து, நாள்தோறும் சரிபார்த்து, அளவீட்டை நம்பத்தக்கதாக்கியோரின் உழைப்பு அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றது. கரைசல்களின் அமிலத்தன்மையை அளக்கும் பீ.எச். மானியைச் சான்றாகக் கொண்டு இக்குறையை நாம் ஈண்டு நோக்குவோம்.

பீ.எச். அளவுத்திட்டத்தை 1909இல் வகுத்தவர் டென்மார்க்கின் இரசாயனவியலாளர் சோரன்சன். அவர் பணியாற்றிய கோபன்ஹேகன் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடம் பியர் வடிசாலை முதலாளி ஒருவரால் 1875இல் நிறுவப்பட்டது. அளவுத்திட்டம் உற்பத்தித் தேவையோடு பிணைந்தே பிறந்தது எனலாம். சோரன்சன் கையாண்டது ஐதரசன் மின்வாய். அதன் பிளாற்றினத்தின் மீதுள்ள கரும்படலம் மாசுகளால் எளிதிற் கெடும். கெட்டதை அகற்றி மீளப் பூசுதல் வேண்டும். அதே ஆண்டில் ஹேபரும் கிளமென்சீவிச்சும் கண்ணாடி மின்வாயை விவரித்தனராயினும், அது பரவலான வழக்கிற்கு வர ஏறத்தாழக் கால்நூற்றாண்டு சென்றது.

இத்தாமதத்தின் காரணம் யாது? கண்ணாடியினூடாகச் செல்லும் மின்னோட்டம் மிகச் சிறிது. அதனை அளக்கப் பெரியதும் மெல்லியதுமான குமிழ்கள் தேவைப்பட்டன. அவை அடிக்கடி உடைந்தன. கலிபோர்னியப் பழச்செய்கையாளரின் கூட்டு நிறுவனத்தில் எலுமிச்சைச் சாற்றைக் கெடாது காக்கக் கந்தகவீரொட்சைட்டு சேர்க்கப்பட்டது. அது ஐதரசன் மின்வாயைப் பயனற்றதாக்கியது; கண்ணாடிக் குமிழ்களோ உடைந்தவண்ணமிருந்தன. அங்குப் பணியாற்றிய கிளென் யோசப்பின் வேண்டுகோளின்படி, ஆர்னோல்ட் பெக்மன் 1934இல் வெற்றிடக்குழாய் மிகைப்பியைப் பயன்படுத்தி, சிறியதும் உறுதியானதுமான மின்வாய் கொண்ட மானியை ஆக்கினார். கருவியைப் பேணும் சுமையே இங்குக் கண்டுபிடிப்பின் உந்துவிசையாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆயினும் அச்சுமை மறைந்துவிடவில்லை. அதன் வடிவமே மாறியது. கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள நீரேறிய மென்படை உலர்ந்தால் மின்வாய் மந்தமாகும். காய்ச்சி வடித்த நீரில் நெடுநேரம் இட்டாலும் பழுதுறும்; எனவே பொற்றாசியங்குளோரைட்டுக் கரைசலில் வைத்தல் வேண்டும். தேய்த்துத் துடைத்தால் நிலைமின்னேற்றம் உண்டாகும். ஒற்றியே எடுத்தல் வேண்டும். புரதம் படிந்தால் ஐதரோகுளோரிக்கமிலம் கலந்த பெப்சினில் ஊறவிடல் வேண்டும். பின்னர் பீ.எச். 7, பீ.எச். 4 ஆகிய தாங்கற் கரைசல்களால் மானியை அளவு திருத்துதல் வேண்டும்.

அழுக்கடைந்த மின்வாயும் ஓர் எண்ணைக் காட்டவே செய்யும். தகரத்தில் அடைக்கப்படும் உணவின் பீ.எச். 4.6இற்கு மேற்படின், பொற்றுலிச நச்சை ஆக்கும் பற்றீரியா அதில் வளரக்கூடும். அங்கு மின்வாயைக் கழுவாது விட்டமை உண்போரின் உயிரைப் பாதிக்கும்.

உயிருள்ள உழைப்பின் தொடர்பற்ற இயந்திரம் பயனிழந்து அழியும் என்பதை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் (1867) விளக்கினார். மின்வாய்க்கும் இது பொருந்தும். பெக்மனின் பெயர் வரலாற்றில் நிலைத்தது. அவர் ஆக்கிய மானிகளின் மின்வாய்களை நாள்தோறும் கழுவியோர் பெயரற்றோராயினர். அறிவியலைச் சமூக உழைப்பின் விளைவாகக் காணும் வரலாறு, ஆய்வுகூட உதவியாளரின் கைகளையும் தனது ஆய்வுப்பொருளாகக் கொள்ளுதல் வேண்டும்.