பாணனும் பதினெட்டுக் கோடியும்

2025-ஆம் ஆண்டு ஐப்பசியில் நாகமலைப் புதுக்கோட்டைக்கு, என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மொட்டை மாடியில் நின்றால் பாம்பு நீட்டிப் படுத்தது போன்ற மலை எதிரே தெரியும். ஆனால் தங்கை மகனுக்கு மலையைப் பார்க்க நேரமில்லை. கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் அவன், ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"மாமா, சஞ்சு சாம்சன் ராஜஸ்தானை விட்டுப் போகப் போறார்னு பேச்சு. பதினெட்டுக் கோடி ரூபா ஆளு. சென்னையா, கல்கத்தாவா, டில்லியா? நீங்க சொல்லுங்க."

அவனுக்கே விடை தெரிந்திருந்தது. டில்லியில் ஏற்கெனவே கே.எல். ராகுல் இருக்கிறார். கல்கத்தாவுக்கு நல்ல விக்கெட் கீப்பர் வேண்டும். அங்கே தலைவராக இருந்த ரஹானேவுக்கோ வயது முப்பத்தேழு. சென்னையில் தோனிக்கு நாற்பத்து நான்கு. அவருக்குப் பின் யார் என்ற கேள்வி பல வருஷங்களாகவே நிற்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்லவே! பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையில் வாடும் இன்னொருவனை வள்ளலிடம் வழிகாட்டி அனுப்புவதற்கென்றே நம் முன்னோர் ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகை வைத்திருந்தார்கள். சிறுபாணாற்றுப்படையில் வஞ்சி, மதுரை, உறந்தை என்று மூவேந்தர் தலைநகர்களும் எடை போடப்படுகின்றன. மூன்றும் போதாவென்று தள்ளிவிட்டு, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் போ என்கிறார் நத்தத்தனார். எங்கள் மதுரையையும் தள்ளிவிட்டாரே என்று வருத்தந்தான். ஆனாலும் கணக்கு நேர்மையானது.

அந்தப் பாணனுக்கும் இந்த ஆட்டக்காரனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பாணன் தன் காலால் நடந்தான். பிடிக்காத வாசலைக் கடந்து போனான். ஆட்டக்காரன் அப்படி நடந்தால் என்ன ஆகும்? ரவீந்திர ஜடேஜாவைக் கேட்க வேண்டும். 2008-இல் முதல் கோப்பையை வென்ற ராஜஸ்தான் அணியில் அவர் ஒரு சிறு பையன். 2010-இல், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறோர் அணியுடன் தாமே பேச முயன்றார் என்று அந்த வருஷம் முழுவதும் ஆடத் தடை விதித்தார்கள். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

2012-இல் ஏலத்தில் அவருக்காகச் சென்னையும் ஹைதராபாத்தும் மோதின. இரண்டும் 20 லட்சம் டாலரில் வந்து முட்டி நின்றன. அதற்குமேல் இரகசியமாக எழுதித் தந்த தொகையில்தான் சென்னை வென்றது. அந்த உபரித் தொகை ஆட்டக்காரர் கைக்கு வராது. கிரிக்கெட் வாரியத்துக்குப் போய்ச் சேரும். 2023-இல் ஆமதாபாத்தில், கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டியபோது ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தவர் அவரே.

நவம்பர் 15-ஆம் தேதி முடிவு வெளியாயிற்று. சஞ்சு 18 கோடிக்குச் சென்னைக்கு. ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு. ஜடேஜாவின் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது. இப்போதைய மாற்றங்களுக்கு ஆட்டக்காரரின் சம்மதமும் வேண்டும் என்கிறது விதி. ஆகவே அவர் சம்மதித்தார் என்றுதான் கொள்ள வேண்டும். புறப்பட்ட வீட்டுக்கே பதினேழு வருஷம் கழித்துத் திரும்புகிறவர் மனத்தில் என்ன இருந்ததோ! கோடிகளைப் பார்த்து நாம் பொறாமைப்படுகிறோம். பாணனுக்கு ஒரு வேளைச் சோறு நிச்சயமில்லை. ஆனால் அவன் பெயருக்கு எதிரே யாரும் விலை எழுதவில்லை. எது மேல் என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

அன்று மாடியில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோதே, கீழிருந்து தங்கையின் குரல் வந்தது:

"ஊரான் பிள்ளை எங்கே போறான்னு அப்புறம் பாக்கலாம்ணே. இவனுக்குச் சென்னையிலே ஒரு வேலை, பெங்களூரிலே ஒரு வேலைன்னு ரெண்டு கடிதாசி வந்து கிடக்கு. மதுரையை விட்டு எங்கே போறான்னு முதல்லே கேளுங்க."

பையன் காகிதத்தை மடித்துவிட்டு, முதல் முறையாக மலையைப் பார்த்தான்.