தோட்டக் காவலும் மக்கட் காவலும்

அட்டனிலிருந்து நானுஓயாவை நோக்கிச் செல்லும் புகைவண்டி சிங்கமலைச் சுரங்கத்தின் இருளைக் கடந்து வெளிப்பட்ட சிறிது நேரத்தில், கொட்டகலை நிலையத்தில் வந்து நிற்கும். நெடுஞ்சாலையை ஒட்டிக் கடைகளும் கோயில்களும் பாடசாலைகளும் நிறைந்த சிறு நகர் அது. அதனைச் சூழ்ந்து எத்திசையிலும் தேயிலை மலைகள். 1884ஆம் ஆண்டில் அட்டன் வரையும், 1885இல் நானுஓயா வரையும் இருப்புப்பாதை போடப்பட்டது. மலையின் விளைபொருள் கொழும்புத் துறைமுகத்தைச் சென்றடைய அன்றே வழி பிறந்துவிட்டது. ஆனால் அப்பொருளை விளைவித்த மக்களிடம் அரசாங்கத்தின் காவல் வந்து சேர்ந்த வழியோ மிகவும் நெடியது. அவ்வழியின் வரலாற்றை அறிந்தாலன்றி, பொலிஸாரும் பொதுமக்களும் கூடிச் செய்யும் பாதுகாப்பு என்று இன்று பேசப்படுவதன் பொருள் மலைநாட்டில் விளங்காது.

பொலிஸ் என்னும் அமைப்பு உலகில் இரு வடிவங்களாக வளர்ந்தது எனலாம். 1829இல் சர் ரொபர்ட் பீல் இலண்டன் மாநகரில் நிறுவிய படையினர் பெரும்பாலும் துப்பாக்கியின்றி வீதிகளில் உலவினர். குடிமக்களின் நம்பிக்கையே தமது பலம் என்று கொள்ள முயன்றனர். அயர்லாந்தில் அமைந்த படையோ துப்பாக்கி ஏந்திப் படைவீடுகளில் தங்கியிருந்தது. மக்களோடு கலவாது, அவர்களை அடக்கிவைப்பதே அதன் முதற்பணி. பிரித்தானியர் தாம் ஆண்ட நாடுகளுக்குக் கொண்டுசென்றது பெரும்பாலும் இந்த இரண்டாவது வடிவத்தையே.

இலங்கையிலும் அவ்வாறே நடந்தது. 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், பம்பாய் மாகாணத்து இரத்தினகிரியில் காவற்படையை நடத்திய கம்பெல் என்பார் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அதே 1865ஆம் ஆண்டில் வேறொரு சட்டமும் பிறந்தது. 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டமே அது. ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறையில் இட அச்சட்டம் இடமளித்தது. ஊருக்குக் காவல் தரும் சட்டமும், உழைப்பவரை ஓடவிடாது பிடிக்கும் சட்டமும் ஒரே ஆண்டில் பிறந்தன. தோட்டத்து மக்கள் பொலிஸாரை முதலில் எந்த உருவில் கண்டனர் என்பதற்கு இதனினும் தெளிவான விடை வேண்டுவதில்லை.

கிராமங்களின் நிலை இதற்கு வேறாக இருந்தது. அங்கே விதானை, ஆராச்சி முதலிய தலைமைக்காரர் வழக்கைக் கேட்டனர், திருட்டை விசாரித்தனர். அவர்களிடம் குறைகள் பல இருந்தன. ஆயினும் அவர்கள் அந்த ஊரிலேயே பிறந்து, அந்த மொழியைப் பேசியவர்கள். 1963இல் அம்முறை நீங்கிக் கிராம சேவகர் வரும்வரை, கிராமத்தானுக்கு அரசாங்கம் என்பது முகம் தெரிந்த ஒரு மனிதராகவே இருந்தது.

தோட்டத்திலோ அரசாங்கத்தின் இடத்தில் துரை நின்றார். அவருக்குக் கீழே கணக்கப்பிள்ளை, பெரிய கங்காணி, காவற்காரர் என்று வரிசை இறங்கியது. விடியுமுன் தப்பொலி எழுந்ததும் பெரட்டுக்களத்திற் கூடுவது முதல், மாலையில் கொழுந்தை நிறுத்து லயத்திற்குத் திரும்புவது வரை, ஒவ்வொருவர் நடமாட்டமும் எண்ணப்பட்டது. சண்டை மூண்டால் தீர்ப்பு துரையின் ஆபிசிலே. திருட்டு நடந்தால் விசாரணை கங்காணியின் முற்றத்திலே. வேறு தோட்டத்திற்குப் போக விரும்புபவன் தன் கடன் தொகை எழுதப்பட்ட 'துண்டு' ஒன்றைப் பெற்றாக வேண்டும். அக்கடனைப் புதிய தோட்டத்தார் தீர்த்தாலன்றி அவனுக்கு விடுதலை இல்லை. 1921இல் துண்டு முறை சட்டத்தால் விலக்கப்பட்டது. தொழிலாளி வேலையை விட்டதற்காகச் சிறைசெல்லும் நிலையும் அக்காலத்தை ஒட்டியே மறைந்தது. ஆனால் ஐந்தாறு தலைமுறையின் அச்சம் ஒரு சட்டத்தால் மறையக் கூடியதன்று.

தோட்டத்தின் எல்லையும் ஒரு மதில் போலவே இருந்தது. வெளியார் எவரும் துரையின் அனுமதியின்றி உள்ளே வருவது அத்துமீறலாகக் கொள்ளப்பட்டது. உறவினரும், ஆசிரியரும், தொழிற்சங்கத்தாரும் அத்தடைக்கு உட்பட்டனர். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் கண்ட கோ. நடேசய்யர், புடைவை வியாபாரியின் வேடத்தில் தோட்டங்களுக்குள் சென்றார் என்று மலைநாட்டில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டத்தினுள் செல்லும் உரிமைக்கு 1970ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது என்பதிலிருந்து, அம்மதிலின் வலிமை புலப்படும்.

இத்தகைய இடத்திற்குப் பொலிஸார் எப்போது வந்தனர்? பெரும்பாலும் துரை அழைத்தபோதே வந்தனர். 1940ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 10ஆம் நாள், ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிஸார் சுட்டனர். கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். விசாரணைக் குழு ஒன்று அமைந்தது. அத்தோடு அச்சம்பவம் ஓயவில்லை. பொலிஸ் மா அதிபர் யாருக்குக் கட்டுப்பட்டவர், மக்கள் தெரிந்தெடுத்த மந்திரிக்கா தேசாதிபதிக்கா என்ற வினாவை அது எழுப்பிவிட்டது. அதன்பொருட்டு மந்திரிகள் பதவி விலகி, பின்பு இணக்கம் ஏற்பட்டுத் திரும்பினர். மலையில் வீழ்ந்த ஓர் ஏழைத் தொழிலாளியின் மரணம், பொலிஸ் படை மக்களுக்குப் பொறுப்புடையதா என்ற பெருங் கேள்வியைக் கொழும்பின் அரசாங்க சபை வரை கொண்டுசென்றது.

நாடு சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே, பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத்து மக்களுள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் கதி பிற்பாடு ஆராயப்படுவதாயிற்று. நாடற்றவன் பொலிஸ் நிலையத்தின் படியை எவ்வாறு மிதிப்பான்? முறைப்பாடு சொல்லச் சென்றவனிடம் முதலிற் கேட்கப்படுவது, "நீ யார்?" என்ற கேள்வியாக இருக்குமே என்ற ஏக்கம் அவனைத் தடுத்தது.

கொட்டகலைக்கு மிக அண்மையில் நிகழ்ந்த ஒரு துயரம் இக்காலத்தைச் சேர்ந்தது. நுவரெலியா மாவட்டத்துத் தோட்டக் காணிகளில் 7,000 ஏக்கரைப் பிரித்து வெளியாருக்கு வழங்கும் திட்டத்தைத் தொழிலாளர் எதிர்த்தனர். 1977 மே 11ஆம் நாள், தலவாக்கலையை அடுத்த டெவன் தோட்டத்தில் நடந்த எதிர்ப்பின்போது பொலிஸார் சுட்டதில் சிவனு லட்சுமணன் என்னும் இளைஞர் மாண்டார். முல்லோயாவுக்கும் டெவனுக்கும் இடையே 37 ஆண்டுகள். கொடி மாறியிருந்தது, தோட்டங்கள் அரசுடைமையாகியிருந்தன. எனினும் மலையேறி வந்த பொலிஸார் அம்மக்களை நோக்கிய பார்வையில் மாற்றம் காணப்படவில்லை.

அவ்வாறாயின் இத்தனை காலமும் அம்மக்களைக் காத்தவர் யார்? பெரும்பாலும் அவர்களே ஒருவரையொருவர் காத்துக்கொண்டனர். ஒரே கூரையின் கீழ் நீண்டு கிடக்கும் லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால், மறு காம்பராவார் ஓடிவந்தாலன்றி எவரும் பிழைப்பதில்லை. மழைக்காலத்து மண்சரிவும், கொழுந்து மலையிற் குளவிக்கூடு கலைவதும், சிறுத்தையின் நடமாட்டமும் அவர்களுக்குத் திருடனைவிட அருகிலிருந்த ஆபத்துக்கள். தொழிற்சங்கங்கள் வேரூன்றியபின், தோட்டத் தலைவர் என்றொருவர் தோன்றினார். குடும்பப் பிணக்கை அவர் கோயில் முற்றத்தில் வைத்துத் தீர்த்தார். பொலிஸ் நிலையம் செல்ல நேர்ந்தவருக்குத் துணையாகவும், மொழிபெயர்ப்பாளராகவும், பிணையாளராகவும் அவரே சென்றார். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் இனக்கலவரங்கள் தோட்டங்களையும் தீண்டியபோது, விழித்திருந்து காவல் செய்யும் பழக்கம் அம்மக்களுக்கு உயிர்ப் பழக்கமாயிற்று.

இக்காவலைப் போற்றும் அதே வேளையில் இதன் குறையையும் மறைத்தல் ஆகாது. கோயில் முற்றத்துத் தீர்ப்பில் வலியோன் சொல் ஏறியது. பெண்ணின் சொல் பல வேளைகளில் எடுபடவில்லை. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனை, "குடும்ப விஷயம்" என்று சமாதானம் சொல்லி விட்டுவிடுவதே வழக்கம். குடும்ப வன்முறையைத் தடுக்கும் 34ஆம் இலக்கச் சட்டம் 2005இல் வந்தது. அச்சட்டத்தின் பயன் மலையுச்சியிலுள்ள லயத்தை அடைய, இடையில் நிற்கும் தலைவரும் பொலிஸாரும் ஆகிய இரு சாராரும் மனம் மாறவேண்டியிருந்தது.

இதே வினாவுக்கு வேறு நாட்டார் விடை தேடிய வகையும் கருதத்தக்கது. ஜப்பானில் 'கோபான்' எனப்படும் சிறு காவற்கூடங்கள் தெருமுனைகளில் உள்ளன. அங்குள்ள காவலர் தம் பகுதியில் வீடுவீடாகச் சென்று மக்களை அறிந்துவைத்திருப்பர். சிங்கப்பூர் 1983இல் இம்முறையைத் தன் குடியிருப்புப் பகுதிகளில் தொடங்கியது. தமிழகத்தின் இராமநாதபுரத்தில் 1993ஆம் ஆண்டு 'பொலிஸ் நண்பர்கள்' இயக்கம் தோன்றியது. கேரளம் 2008இல் 'ஜனமைத்ரி' என்ற பெயரில், காவலர் தமக்குரிய சுற்றுப்பகுதியின் இல்லங்களுக்குச் சென்று அறிமுகமாகும் திட்டத்தை ஏற்படுத்தியது. குற்றம் நடந்தபின் வரும் காவலரைவிட, நடக்குமுன்பே பெயர் சொல்லி அழைக்கத்தக்க காவலரே பயன்படுவார் என்பதே இவை யாவற்றினும் காணப்படும் கருத்து.

மலைநாட்டில் அக்கருத்து வேரூன்றுவதற்கான நிலம் மெல்ல மெல்லவே பண்பட்டது. 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் நாடற்ற நிலை நீங்கியது. 1999 நவம்பரில் நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகளில் சிங்களத்தோடு தமிழும் நிருவாக மொழியாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2002இல் தேசியப் பொலிஸ் ஆணைக்குழு பணிதொடங்கியதும், பொலிஸாரைப் பற்றிய முறைப்பாட்டைப் பொலிஸாரல்லாத ஓரிடத்திற் கூற வழி ஏற்பட்டது. 2018இல் நுவரெலியாப் பிரதேச சபை பிரிக்கப்பட்டுக் கொட்டகலைக்குத் தனிப் பிரதேச சபை அமைந்தது. தோட்டத்தினுள் பிரதேச சபைகள் பணம் செலவிடுவதற்கு இருந்த தடையை நீக்கும் திருத்தமும் அவ்வாண்டிலேயே நிறைவேறியது. தெருவிளக்கும் பாதையும் பாதுகாப்பின் பாதி என்பதை, இருளிற் பாடசாலை விட்டுத் திரும்பும் பிள்ளையின் தாய் நன்கறிவாள்.

கொட்டகலையின் முறைப்பாடுகள் திம்புள்ள – பத்தனைப் பொலிஸ் பிரிவைச் சேர்வன. நாட்டின் ஏனைய இடங்களைப் போன்றே மலையகத்திலும் பொலிஸாரும் பொதுமக்களும் கூடும் குழுக்கள் அமைக்கப்படுகின்றன. அக்குழுவின் நாற்காலிகளில் யார் அமர்கின்றனர் என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும். கடை முதலாளியும் தோட்ட நிருவாகியும் உத்தியோகத்தரும் மட்டும் அமர்ந்தால், துரையின் ஆபிசே புதிய பெயர்ப் பலகையோடு திரும்பி வந்ததாகும். கொழுந்து பறிக்கும் பெண்ணும், தோட்டத்து இளைஞரும், ஆசிரியரும் அமர்ந்து, அவர்கள் சொல் அவர்கள் மொழியிலேயே எழுதப்படுமாயின் அது உண்மையான காவற் குழுவாகும்.

1865இல் இரு சட்டங்கள் ஒன்றாய்ப் பிறந்து, மலைநாட்டு மக்களுக்குக் காவலைத் தண்டனையாகவே அறிமுகம் செய்தன. அவற்றுள் ஒன்றினால் தோட்டத் தொழிலாளி வேலையை விட்டதற்காகச் சிறைசெல்லும் நிலை மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. பொலிஸ் சட்டமோ பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் பழைய நிழலை அகற்றுவது சட்டசபையால் மட்டும் இயலாது. மலையிலிருந்து இறங்கி வரும் ஒரு தாய், துணைக்கு எவரையும் தேடாமல், தன் சொந்த மொழியிலே தன் குறையைக் கூறி, அது எழுதப்பட்டதைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு வீடு திரும்பும் நாள் எதுவோ, அந்நாளே அந்நிழல் மலையை விட்டு நீங்கும் நாளாகும்.