டப்பா தேடப் போன மலைச்சாலை

அரிசோனாவில், டூசான் பாலைவனத்திலிருந்து லெம்மன் மலைக்கு ஏறும் சாலை. ஜிபிஎஸ் பார்த்து, யாரோ ஒளித்துவைத்த டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தான் பேரன். 2000-ல் பிறந்த இந்த விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர்.

என் கண்ணில் பட்டதோ, பழைய சிறைமுகாமின் அடித்தளம். 1933 முதல் 1950 வரை இந்தச் சாலையைப் போட்டவர்கள் பெரும்பாலும் கைதிகள். அவர்களில் ஒருவர் கார்டன் ஹிரபயாஷி. போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினர் மீது போட்ட ஊரடங்கை மீறிய கல்லூரி மாணவர். அரசு வழிச்செலவு தராததால், வழியில் போன வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி ஏறி, தானாகவே சிறைக்கு வந்து சேர்ந்தார்! 1987-ல் அவர்மீதான தீர்ப்பு முழுவதும் ரத்தானது. 1999-ல் அந்த இடத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

"கிடைச்சிடுச்சு தாத்தா!" என்று ஓடிவந்தான் பேரன். மலை இறங்கும்வரை கார்டன் கதையைத்தான் கேட்டுக்கொண்டு வந்தான்.