வற்றாப்பளைப் பொங்கற் சந்தை: ஒரு சமூக வரலாற்று நோக்கு

வைகாசி விசாகத்தையொட்டிய திங்கட்கிழமை வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குச் செல்பவர் முதலில் அடைவது கோயிலையன்று, கடைத்தெருவையே. காப்புக்கடை, கச்சான்கடை, இனிப்புக்கடை, பிளாஸ்ரிக் சாமான்கடை, தும்புமுட்டாஸ் விற்பவர், பலூன்காரர், ஐஸ்கிறீம் வான் ஆகியவற்றைக் கடந்தே நந்திக்கடற் கரையிலுள்ள கோயிலை அணுக முடிகின்றது. இக்கோயிலின் தோற்றக் கதை, உப்புநீரில் விளக்கெரித்தல், ‘சிலம்பு கூறல்’, முல்லைத்தீவின் கோவலன் கூத்து ஆகியன பற்றி நம்மவர் நிறையவே எழுதியுள்ளனர். கடைகளைப் பற்றி எழுதியோர் அரியர். பக்தியின் புறத்தே ஒட்டிக்கொண்ட தூசாகவே அறிஞர் பலர் சந்தையைக் கருதினர் போலும். நாம் இதனை மறுதலையாக நோக்க விரும்புகின்றோம். வன்னி விவசாயி வெளியுலகப் பொருளாதாரத்தை எவ்வாறு எதிர்கொண்டான், அதில் எதனைப் பெற்றான், எதனை இழந்தான் என்பதைக் காட்டும் சான்றாகவே அக்கடைத்தெரு நமக்குத் தோன்றுகின்றது.

விழாவும் அங்காடியும் பிரிக்கவொண்ணாதவை என்பதற்குச் சிலப்பதிகாரமே முதற்சான்று. இந்திரவிழவூரெடுத்த காதையில் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே, மரங்களே தூண்களாக நின்ற சோலையில், நாளங்காடி கூடுகின்றது. அவ்வங்காடியைக் காக்கும் பூதத்துக்கு மறக்குடிப் பெண்டிர் புழுக்கலும் எள்ளுருண்டையும் பொங்கலும் படைக்கின்றனர். பொங்கல் இங்கு கோயிலுக்குள் நிகழவில்லை. கடைகளின் நடுவே நிகழ்கின்றது என்பது ஊன்றி நோக்கற்பாலது. மேலும், கண்ணகி கதையின் திருப்பமே ஒரு விற்பனைதான். சிலம்பை விற்கவே கோவலன் மதுரைக் கடைவீதிக்குச் செல்கின்றான். அவ்வீதியிற் சந்தித்த பொற்கொல்லனாலேயே கொலையுண்கின்றான். வணிகக் குலத்துப் பெண்ணொருத்தி, வணிகத்தால் நேர்ந்த அநீதிக்கு அரசிடம் நீதி கேட்ட கதை இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டைச் சாடியபோது ‘சமணச் செட்டிச்சி’ என்றே அவளைக் குறித்தார். அத்தொடரில் ‘சமண’ என்ற அடைமொழியையே ஆய்வாளர் பெரிதும் எடுத்துப் பேசுவர். ‘செட்டிச்சி’ என்ற இழிப்பும் அதேயளவு கவனத்துக்குரியது. யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல பின்னாளில் இராஜராஜேஸ்வரி எனவும் புவனேஸ்வரி எனவும் பெயர் மாறின. உயர்சாதிச் சைவத்தின் கை அத்துணை நீளாத வன்னியிலும் மட்டக்களப்பிலும் அவள் கண்ணகியாகவே நின்றாள்.

வற்றாப்பளையின் தலக்கதையோ விற்பனைக்கு முற்றிலும் புறம்பானது. மதுரையை எரித்து ஈழம் வந்த கண்ணகி, பத்தாவதாகத் தங்கிய இடமாதலின் ‘பத்தாம்பளை’ என்பதே வற்றாப்பளையாயிற்று என்பர். இங்கு அவள் மூதாட்டி வடிவில் மாடுமேய்க்கும் சிறுவர்முன் தோன்றிப் பசிக்கின்றது என்கிறாள். சிறுவர் பொங்கிக் கொடுக்கின்றனர். பொழுதுபட, விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்கின்றனர். கடல்நீரை வார்த்து ஏற்றுமாறு அவள் கூறுகின்றாள், விளக்கு எரிகின்றது. இன்றும் பொங்கலுக்கு ஒருவாரம் முன்னரே முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுக்கப்பட்டு, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் அந்நீரால் விளக்கேற்றப்படுகின்றது. அற்புதத்தை அற்புதமாகவே கொள்வோர் கொள்க. எமக்கு முக்கியமாவது எண்ணெய் இல்லை என்ற சிறுவரின் சொல். வன்னிக் குடியானவனுக்கு அரிசியும் பாலும் விறகும் கையிலுண்டு; விலைகொடுத்துப் பெறவேண்டிய பொருளிலேயே அவன் கதை தடுமாறுகின்றது. பணம் புழங்காத ஒரு சமுதாயத்தின் இல்லாமை அக்கதையிற் பதிந்துள்ளது எனலாம்.

பணம் புழங்கவில்லை என்பதால் வன்னி உலகச் சந்தைக்கு அப்பால் நின்றதென்று கொள்ளலாகாது. வன்னிமைகள் ஒல்லாந்தருக்குத் திறையாகக் கொடுத்த யானைகள் யாழ்ப்பாணத்தினூடாக இந்திய வணிகர் கைக்குச் சென்றன. 1782இல் ஒல்லாந்தர் வன்னியை அடக்கினர். 1803இல் பண்டாரவன்னியனின் எழுச்சியை ஆங்கிலேயர் முறியடித்தனர். யானையைப் பிடித்தவனுக்கு அதன் விலை தெரிந்திருக்க நியாயமில்லை. ஊரவன் தன் பொருளைத் தானே பேசி மாற்றிக்கொண்ட களம் பொங்கல் போன்ற விழாச் சந்தையே. மாட்டுவண்டி கட்டி, வழியிற் சமைத்துண்டு வந்த காலத்தை முதியோர் இன்றும் விரித்துரைப்பர். யாழ்ப்பாணத்தார் பனாட்டும் ஒடியலும் கடகமும் புகையிலையும் கொணர்வர். வன்னியார் தேனும் நெய்யும் இறைச்சி வற்றலும் கொடுப்பர். வைகாசி பாலைப்பழம் பழுக்கும் பருவம். காலபோக நெல் வீட்டுக்கு வந்து, கடன்காரன் தன் பங்கை அளந்துபோன பின், எஞ்சியது கையிலிருக்கும் மாதமும் அதுவே. விழாவின் திகதியைச் சோதிடம் குறித்ததெனினும் சந்தையின் திகதியை அறுவடையே குறித்தது.

இரணைமடுவும், பின்னர் வவுனிக்குளம், முத்தையன்கட்டுக் குடியேற்றத் திட்டங்களும் இந்நிலையை மாற்றின. 1970க்கும் 1977க்கும் இடையே இறக்குமதிக் கட்டுப்பாட்டின் நிழலில் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலைக்குப் போயின. கையிற் காசு கண்ட விவசாயி பொங்கற் கடையில் வானொலிப் பெட்டி வாங்கியது அக்காலத்திலேயே. அச்செழிப்பின் அடியிற் கூலியுழைப்பு இருந்ததை மறத்தலாகாது. 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து ஓடிவந்தோர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பிறர் வயலில் நாட்கூலிகளாயினர். அதே ஆண்டில் வந்த திறந்த பொருளாதாரம் மிளகாய் விலையை வீழ்த்திற்று. கடகத்தின் இடத்தைப் பிளாஸ்ரிக் வாளி பிடித்தது.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடை சந்தையை ஏறத்தாழ அழித்தது. மண்ணெண்ணெய், மின்கலம், உரம் என நீண்ட அந்தப் பட்டியலை இங்கு விரிக்க வேண்டியதில்லை. போத்தலுக்குட் பஞ்சை வைத்து, சில துளி எண்ணெயில் எரித்த சிறுவிளக்கின் கீழ் ஒரு தலைமுறை படித்தது. எண்ணெய் இல்லை என்ற சிறுவரின் சொல்லை அத்தலைமுறை புராணமாகக் கேட்டிருக்க முடியாது. 2009இன் முதல் மாதங்களில் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில், தாலிக்கொடியையும் காப்பையும் கொடுத்து அரிசியும் பால்மாவும் பெற்ற பெண்கள் உளர். சிலம்பு விற்கச் சென்ற கதையைக் கூத்தாகப் பார்த்து வளர்ந்த மக்கள் அவர்கள். அவ்வாண்டு வைகாசி விசாகத்தன்று அவர்களிற் பெரும்பாலோர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களின் முட்கம்பிக்குள் இருந்தனர்.

இன்று பொங்கலுக்கு வருவோரிற் புலம்பெயர்ந்தோரும் உளர். சுவிற்சர்லாந்திலிருந்து விடுமுறையில் வந்த உறவினரொருவர், கடைத்தெருவைப் பார்த்ததும், தாம் வாழும் மலைநகரில் மார்கழியிற் கூடும் நத்தார்ச் சந்தையை நினைவுகூர்ந்தார்: மரத்தாலான சிறு கடைகள், மெழுகுதிரி, சுடச்சுட வார்க்கும் வாசனைத் திராட்சைமது, பனி. “அங்கே அது அந்தக் காலத்திலிருந்தே நடக்குது” என்றார். ஒப்பீடு பொருத்தமானதே, ஆயின் ‘அந்தக் காலம்’ என்பதை விசாரித்தல் வேண்டும். ஜேர்மனியின் டிறெஸ்டன் நகரில் 1434இல் அரசன் அனுமதித்தது நத்தாருக்கு முதல்நாள் கூடும் ஓர் இறைச்சிச் சந்தையையே. நோன்பு முடித்து உண்ண ஊரார்க்கு இறைச்சி வேண்டியிருந்தது. அங்கும் விழாவின் பின்னால் வயிறே நின்றது. நூரன்பேர்க்கில் 1933இல் நாஸி நகரபிதா நத்தார்ச் சந்தையை மீண்டும் நகரின் முதன்மைச் சதுக்கத்துக்குக் கொணர்ந்து ‘தொன்மரபு’ எனக் கொண்டாடினார். அல்ப்ஸ் மலையடியில், ஜேர்மன் பேசுவோர் வாழும் இத்தாலிய நகரான பொல்சானோவின் புகழ்பெற்ற சந்தையோ 1990களின் தொடக்கத்தில்தான் ஆரம்பமாயிற்று. உல்லாசப் பயணி விலைகொடுத்துப் பெறுவது அங்கு பண்டத்தை மட்டுமன்று, மரபையுமே. பழைமை அங்கு ஓர் உற்பத்திப் பொருளாகிவிட்டது.

வற்றாப்பளையில் நிலைமை இதற்கு நேர்மாறானது. வழிபாடு உண்மையிலேயே பழையது; சந்தையில் விற்பதோ யாவும் புதிது. 2009இன் பின் ஏ-9 பாதை திறந்ததும் தெற்கிலிருந்து பாயும் சட்டியும் உடுப்பும் வந்தன. அவற்றைக் கொணரும் சிங்கள, முஸ்லிம் சிறுவணிகரைப் பகைவராகக் காணும் போக்கு நம்மவர் சிலரிடம் உண்டு. அதனை நாம் ஏற்பதற்கில்லை. வானுக்குத் தவணைக்காசு கட்டும் அவ்வணிகரின் நிலையும் கடன்பட்டோர் நிலையே. கண்ணகியைப் பத்தினித் தெய்யோ என வணங்கும் மரபினரும் அவர்களிடையே உளர். வினா வேறு: அக்கடைத்தெருவில் வன்னி விளைவித்தது என எது எஞ்சியுள்ளது?

எஞ்சியிருப்பது கச்சான். முல்லைத்தீவின் மணல்நிலம் கச்சானுக்குப் பேர்போனது. அதனை வறுத்து விற்போர் பெரும்பாலும் பெண்கள். போரிற் கணவரை இழந்தோர் அவர்களிற் பலர். அவர்களது முதல் நுண்கடன் நிறுவனங்களிலிருந்து வந்தது. 2018இல் வரட்சியுற்ற மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்ய நேர்ந்ததே அக்கடன் சுமையின் கனத்தை உணர்த்தும். கோயிலுக்கு அயலிலுள்ள கேப்பாப்புலவின் மக்கள் 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது தம் ஊருக்கன்றிக் காடு வெட்டிய நிலத்துக்கே கொண்டுசெல்லப்பட்டனர். அவர்தம் காணி இராணுவத்தின் வசமிருந்தது. 2017இல் வீதியோரத்தில் நாட்கணக்காக அமர்ந்து போராடிய பின்னரே பிலக்குடியிருப்பில் ஒரு பகுதி மீண்டது. நிலமிருந்தால் கச்சானைத் தாமே விளைவித்திருப்பர்; நிலமின்றேல் மூடை விலைக்கு வாங்கி வறுக்கவேண்டும். இலாபத்தின் வேறுபாடு அங்கேயே தொடங்குகின்றது.

நாம் பேசிய ஒரு பெண் தராசு வைத்திருக்கவில்லை. பழைய பால்மா ரின் ஒன்றே அவரது அளவை. பிள்ளைகளுடன் வருவோர்க்கு அளந்தபின் ஒரு கை கூட்டிப் போட்டார். இரவு மடை முடியும்வரை கடையை விட்டு அவர் நகரவில்லை. விடியற்காலையில், கூட்டம் கலைந்த பின், சாக்கைக் கட்டி வைத்துவிட்டு, கோதுகளை மிதித்துக்கொண்டு அம்மனைக் கும்பிடப் போனார். எத்தனை மூடை விற்றது என்று கேட்டோம். தவணைக்குக் காணும் என்றார்.