மச்சாடோ–ஜோசப் நோய்: மரபும் பரவலும்

மச்சாடோ–ஜோசப் நோய் தலைமுறை வழியாக இறங்கும் நரம்பு நோய். மூன்றாம் வகை முதுகுத்தண்டு–சிறுமூளைத் தள்ளாட்டம் என்றும் இதை வகைப்படுத்துவர். தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 விழுக்காடு வாய்ப்புண்டு. பெரும்பாலும் நடுவயதில் நடை தள்ளாடும், பேச்சு குழறும், விழுங்குவது கடினமாகும். அறிவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்க உடல் மட்டும் தளர்வதே இதன் கொடுமை.

அட்லாண்டிக் கடலிலுள்ள அசோர்ஸ் தீவுகளிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய போர்ச்சுகீசியக் குடும்பங்களிலேயே இது முதலில் விவரிக்கப்பட்டது. மச்சாடோ, தாமஸ் குடும்பங்களைப் பற்றிய கட்டுரைகள் 1972இலும், ஜோசப் குடும்பத்தைப் பற்றியது 1976இலும் வெளிவந்தன. ஒரு குடும்பத்தில் புறநரம்புத் தளர்ச்சியும் இன்னொன்றில் தசை இறுக்கமும் மேலோங்கியதால் இவை தனித்தனி நோய்களாகவே கருதப்பட்டன. அசோர்ஸ் நோயாளிகளை ஆராய்ந்த பவுலா கூட்டின்யோ, கொரினோ தெ அந்திராதே ஆகிய போர்ச்சுகீசிய மருத்துவர்கள் 1978இல் அனைத்தும் ஒரே நோய் என்று காட்டினர். பெயர் வைப்பதில் தாமஸ் குடும்பம் விடுபட்டுப்போனது.

1994இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 14ஆம் குரோமோசோமில் இதற்குரிய மரபணுவைக் கண்டறிந்தனர். அதில் சி.ஏ.ஜி. என்னும் மூவெழுத்துத் தொடர் நலமாக உள்ளோரிடம் 44 முறை வரை திரும்ப வரும். நோயாளிகளிடம் பொதுவாக 60ஐத் தாண்டும். தொடர் நீள நீள, நோய் இளவயதிலேயே தலைகாட்டும்.

அசோர்ஸின் ஃப்ளோரஸ் தீவில் 239 பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கு இந்நோய் பதிவாகியுள்ளது. அசோர்ஸ் மக்கள் குடியேறிய தென்பிரேசிலிலும், ஜப்பானிலும், சீனாவிலும், ஆஸ்திரேலியாவின் குரூட் தீவுப் பழங்குடியினரிடமும் இது உண்டு. போர்ச்சுகீசிய மாலுமிகளே உலகெங்கும் பரப்பினர் என்று நெடுங்காலம் எழுதிவந்தனர். அது தவறு. மரபியலாளர் சாந்த்ரா மார்த்தின்ஷ் குழுவின் 2007ஆம் ஆண்டு ஆய்வின்படி இந்த மரபு மாற்றம் குறைந்தது இருமுறை தனித்தனியே நேர்ந்தது. அவற்றில் பரவலாகக் காணப்படும் ஜோசப் கிளை ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் தோன்றியது. மச்சாடோ கிளை அதற்கு மிகவும் பிந்தியது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நோய்க்கும் ஆசிய மூலமே உண்டு என்று 2012இல் நிறுவப்பட்டது. ஆகவே ஜோசப் கிளையைப் பொறுத்தவரை போர்ச்சுகல் பெற்றுக்கொண்ட நாடே.

இந்தியாவில் முதுகுத்தண்டு–சிறுமூளைத் தள்ளாட்ட நோய்களில் முதல், இரண்டாம் வகைகளே மிகுதி.

மச்சாடோ–ஜோசப் நோயை இன்று மரபணுச் சோதனையால் உறுதிசெய்ய முடியும். அதன் போக்கை நிறுத்தும் மருந்து இல்லை. இயன்முறை மருத்துவமும் பேச்சுப் பயிற்சியும் துன்பத்தைக் குறைக்கின்றன.