சகஜானந்தர், சுவாமி (1890–1959)

துறவி, சைவச் சொற்பொழிவாளர், கல்வியாளர், சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினர். இயற்பெயர் முனுசாமி. சிதம்பரம் இவர் வந்து வேரூன்றிய ஊர்.

ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890 ஜனவரி 27 அன்று ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தார். திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் படித்தபோது சிகாமணி என்று பெயர் சூட்டினார்கள். மதம் மாற மட்டும் அவர் இசையவில்லை. பிழைப்புத் தேடிக் கோலார் தங்கவயலுக்குக் குடிபெயர்ந்தது குடும்பம். அங்கிருந்து ஆன்மிக நாட்டம் இவரைச் சென்னை வியாசர்பாடிக்கு இழுத்தது. கையையே திருவோடாக ஏந்தி உண்டதால் கரபாத்திரர் எனப்பட்ட சுவாமிகள் இவருக்குக் குருவானார். சகஜானந்தர் என்ற பெயரும் அங்கே கிடைத்தது.

1910இல் சிதம்பரம் வந்தார். நாயன்மார்களில் ஒருவரான நந்தனார் முக்தி பெற்ற தலம் என்பதே அந்த ஊரின் கவர்ச்சி. பெரியபுராணம் சொல்லும் நந்தனார் தீயில் மூழ்கித்தான் கோயிலுக்குள் போக முடிந்தது. பிற்காலத்தில் அவர் கதையைக் கீர்த்தனையாகப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியோ அவரை ஒரு வேதியரின் பண்ணையாளாக்கி, நாற்பது வேலி நிலத்தை அறுவடை செய்தால்தான் தில்லைக்குப் போகலாம் என்று நிபந்தனையும் போட வைத்தார். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் சொல்லாத இந்தப் பண்ணையார்தான், பண்ணை வேலை செய்தே வாழ்ந்த மக்களுக்குக் கதையை நெருக்கமாக்கினார் என்று தோன்றுகிறது. சகஜானந்தர் அந்தப் பெயரில் கோயிலைவிடப் பள்ளிக்கூடத்தையே முதலில் எழுப்பினார். 1916இல் நந்தனார் கல்விக் கழகம் தொடங்கியது. ஓமக்குளம் நந்தனார் மடமும் பள்ளியும் விடுதியும் அதன் கிளைகள். பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் ஒரே இடத்தில் கிடைத்தன.

அரசியலில் இவர் நுழைந்த வாசல்கள் காலத்துக்கேற்ப மாறின. 1920களில் ஒடுக்கப்பட்டோருக்கு வாக்கு வலிமை இல்லை, சொத்துடையவர்களே வாக்காளர். எனவே ஆளுநரின் நியமனத்தால்தான் இவர் 1926இல் சட்டசபைக்குப் போனார். 1932 பூனா ஒப்பந்தம் தனித்தொகுதிகளுக்கு வழிவிட்டது. சுதந்திரத்துக்குப் பின் 1952, 1957 தேர்தல்களில், இரட்டை உறுப்பினர் தொகுதியான சிதம்பரத்தில் காங்கிரஸ் சார்பில் வென்றார். 1947 ஆலய நுழைவுச் சட்டம் வந்தபோது இவர் சிதம்பரத்தில் முப்பத்தேழு ஆண்டு கழித்திருந்தார்.

சட்டமன்ற உறுப்பினராக இருந்தபடியே 1959 மே 1 அன்று காலமானார். நந்தனார் பள்ளி இப்போது அரசு மேல்நிலைப் பள்ளி.